நாஸ் ஏன் மெதுவாக ஓடுகிறது? சேலம் வாசகர்களின் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி மொத்த வியாபாரம். ஒரு சர்வரில் ஆறு விர்ச்சுவல் மெஷின்கள் (விஎம், சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்), டிஸ்க் எல்லாம் ஐ-ஸ்கஸி (நெட்வொர்க் வழியே டிஸ்க்கைத் தரும் முறை) வழியாக நாஸில் (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி). நாலு கேபிளை எல்ஏசிபி-யில் (பல கேபிளை ஒரே இணைப்பாகக் கட்டும் முறை) சேர்த்துக் கட்டியும் வேகம் விநாடிக்கு 110 எம்பி-யைத் தாண்டவில்லை. ஏமாந்துவிட்டோமா?

இல்லை. எல்ஏசிபி ஓர் இணைப்பை நாலாகப் பிரித்து அனுப்பாது. எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்து, அந்த இணைப்பு முழுவதையும் ஒரே கேபிளில் ஏற்றிவிடும். 1 கிகாபிட் கேபிளுக்கு ஏட்டுக் கணக்கு விநாடிக்கு 125 எம்பி. கையில் கிடைப்பது நீங்கள் சொன்ன அளவுதான். முப்பது பேர் ஒரே நேரத்தில் ஃபைல் எடுக்கும் ஆபீசுக்கு எல்ஏசிபி நல்லது. ஐ-ஸ்கஸிக்கு வேண்டியது மல்டிபாத் (ஒரே டிஸ்க்குக்குப் பல தனி வழிகள்). கட்டை அவிழ்த்து, இரண்டு கேபிளுக்கு இரண்டு தனி சப்நெட் (தனித்தனி ஐபி முகவரி வரிசை) கொடுங்கள். சர்வரிலும் அதேபோல இரண்டு போர்ட். அப்புறம் ரவுண்டு ராபின் (இரண்டு வழியிலும் மாறி மாறி அனுப்புவது).

அம்மாப்பேட்டை ஜவுளிக்கடை. எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 வைத்தோம். பிங் போகிறது, நாஸும் கனெக்ட் ஆகிறது. பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் அப்படியே நின்றுவிடுகிறது.

நடுவில் ஏதோ ஒன்று இன்னும் 1500-லேயே இருக்கிறது, பெரும்பாலும் ஸ்விட்ச். சாதாரண பிங் சின்ன பாக்கெட், எதிலும் நுழைந்துவிடும். துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 8972 பைட் அளவில் பிங் செய்து பாருங்கள் (9000-ல் தலைப்புகளுக்கு 28 பைட் போய்விடும்). அது போகாவிட்டால் சர்வர், ஸ்விட்ச், நாஸ் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சலிப்பாக இருந்தால் எல்லாவற்றையும் 1500-க்கே திருப்புங்கள். ஜம்போவால் (9000 போன்ற பெரிய பாக்கெட்டால்) வரும் லாபம் பல இடங்களில் அவ்வளவு பெரியதல்ல.

அஸ்தம்பட்டி ஆடிட்டர் அலுவலகம். காலை பத்து மணிக்கு எல்லா மெஷினும் திணறுகின்றன. நாஸில் 7200 ஆர்பிஎம் டிஸ்க் நாலு, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் அமைப்பு). ஸ்விட்சை 10 கிகாபிட்டுக்கு மாற்றலாமா?

பணத்தை ஸ்விட்சில் போடாதீர்கள். அந்த ரக டிஸ்க் ஒன்று விநாடிக்குச் சுமார் 80 வேலைதான் (ஒரு முறை படிப்பதோ எழுதுவதோ ஒரு வேலை) செய்யும், நாலுக்கு 320. ரெய்டு 5-ல் சின்னதாக ஒன்றை எழுத, பழைய டேட்டாவைப் படித்து, பழைய பாரிட்டியை (டேட்டாவை மீட்க உதவும் கணக்கு) படித்து, இரண்டையும் திரும்ப எழுத வேண்டும். ஆக நாலு வேலை. மிஞ்சுவது விநாடிக்கு 80 முறை எழுதுவதுதான்! விண்டோஸ் மெஷின்கள் எல்லாம் சேர்ந்து பூட் ஆகும் நேரத்தில் இது எந்த மூலைக்கு? பத்து மணிக்கு நெட்வொர்க் கிராஃபைப் பாருங்கள், பாதிகூட நிரம்பியிருக்காது. டிஸ்க் லேட்டன்சி (பதில் வரும் தாமதம்) மட்டும் 20 மில்லிசெகண்டைத் தாண்டி எகிறியிருக்கும். அதே டிஸ்க்குகளை ரெய்டு 10 (ஜோடி ஜோடியாக நகல் வைக்கும் அமைப்பு) ஆக்கினால் எழுதும் திறன் இரட்டிப்பாகும், இடம் குறையும். எஸ்எஸ்டி-க்குப் போனால் இந்தக் கணக்கே வேண்டாம். எதைச் செய்தாலும் முதலில் பேக்கப்.

ஏற்காடு எஸ்டேட்டில் சர்வர், சேலம் ஆபீசில் நாஸ். இன்டர்நெட் வழியாக விஎம் டிஸ்க்கை வைக்கலாமா?

வேண்டாம். விஎம்-ஐயும் கீழேயே ஓட்டுங்கள், மேலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் பாருங்கள்.

ஏற்காட்டில் தங்கும் விடுதி. இசட்எஃப்எஸ் (ஒரு ஃபைல் சிஸ்டம்) நாஸ், என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை), ஈஎஸ்எக்ஸ்ஐ (விஎம்-களை ஓட்டும் மென்பொருள்). சிங்க்கை (டிஸ்க்கில் ஏறிய பிறகே பதில் சொல்லும் அமைப்பை) முடக்கியதும் புக்கிங் சர்வர் பறக்கிறது. அப்படியே விடலாமா?

கோடை இடிமழையில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இதைச் செய்யவே கூடாது. என்எஃப்எஸ்-ல் ஈஎஸ்எக்ஸ்ஐ ஒவ்வொரு முறை எழுதும்போதும் 'டிஸ்க்கில் ஏறிவிட்டதா?' என்று உறுதி கேட்டுத்தான் அனுப்பும். நீங்கள் முடக்கியதால், மெமரியில் இருப்பதையே 'ஏறிவிட்டது' என்று நாஸ் பொய் சொல்கிறது. அந்த நொடியில் கரண்ட் போனால் விஎம்-க்குள் இருக்கும் டேட்டாபேஸ் கெட்டுப்போகலாம், மறுநாள்கூடத் தெரியாது.

சிங்க்கைத் திரும்பப் போடுங்கள். வேகத்துக்கு, மின்தடைப் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டி ஒன்றை ஸ்லாக் (உறுதி கேட்டு எழுதுவதைத் தற்காலிகமாகப் பதிந்து வைக்கும் இடம்) ஆகச் சேருங்கள். பெரிய சைஸ் தேவையில்லை: அதில் தங்குவது கடைசிச் சில விநாடிகளில் எழுதியதுதான், 1 கிகாபிட்டில் 10 விநாடிக்கு 1.25 ஜிபி. உள்ளே (மின்தடைப் பாதுகாப்பைத் தரும்) கபாசிட்டர் இல்லாத மலிவு எஸ்எஸ்டி-யை அந்த இடத்தில் வைத்தால் பயனில்லை.

யூபிஎஸ் சார்ஜ் இறங்கும்போது முதலில் விஎம்-கள், பிறகு சர்வர், கடைசியில் நாஸ் அணைய வேண்டும். கரண்ட் வந்ததும் நாஸ்தான் முதலில்.