நகையை அடகு வைத்துப் படிக்கும் அளவுக்கு எந்த மென்பொருளும் இல்லை

துறையூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. பெங்களூரில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன், பெரிய நிறுவனங்களின் கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாவற்றையும் நடத்தும் வணிக மென்பொருள் ஒன்றின் சான்றிதழ்ப் படிப்பில் சேர்க்கச் சொல்கிறாராம். கட்டணம் மூன்று லட்சம். மகளோ அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச மடிக்கணினியில் விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸைப் போட்டுக்கொண்டு, இரவெல்லாம் கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறாள். நகையை அடகு வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

உங்கள் பயம் புரிகிறது அம்மா. ஆனால் வைக்கக் கூடாது.

அந்த மென்பொருளைக் குறை சொல்லவில்லை. ஒரு தொழிற்சாலையில் ஐந்தாறு வருடம் கொள்முதலோ கணக்கோ பார்த்தவர் அதைக் கற்றால் சம்பளம் ஏறும். அங்கே விலைபோவது அவருடைய தொழில் அனுபவம். சான்றிதழ் அதற்குத் துணை. இருபது வயதுப் பெண் அந்த அனுபவத்துக்கு எங்கே போவாள்? படிப்பு முடிந்ததும் பயிற்சி நிலையம் தந்த கடவுச்சொல்லும் காலாவதியாகிவிடும். பிறகு பழகிப் பார்க்கக்கூட வழி குறைவு.

ஒரு காலத்தில் நம் ஊர்களில் ஃபிளாஷ் அனிமேஷன் கற்றுக்கொடுத்த நிலையங்கள் எத்தனை! 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் ஃபிளாஷ் பிளேயருக்கு ஆதரவை நிறுத்தியது. அடுத்த பன்னிரண்டாம் நாளிலிருந்து அது ஓடாதபடியும் செய்துவிட்டது. விசுவல் பேசிக் 6 என்ற நிரல் எழுதும் கருவிக்கும் மைக்ரோசாஃப்ட் 2008-இல் ஆதரவை நிறுத்திவிட்டது. காசு கட்டிக் கற்றவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஒரே நிறுவனத்தின் பொருளை நம்பிப் படிப்பது வாடகை வீட்டுக்குச் சொந்தச் செலவில் மாடி கட்டுவது போலத்தான்.

மூலநிரலை, அதாவது அது எழுதப்பட்டிருக்கும் வரிகளை, யாரும் படித்து, மாற்றி, பகிர உரிமம் தரும் மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்பார்கள். அதையும் நிறுவனங்கள் வாங்கத்தான் செய்கின்றன. விளைவுதான் வேறு. 2010 தொடக்கத்தில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபோது, கடிதம், கணக்குத் தாள் எல்லாம் தயாரிக்க உதவும் ஓப்பன்ஆபிஸ் என்ற கட்டற்ற மென்பொருளும் கை மாறியது. அதன் போக்கு பிடிக்காத பங்களிப்பாளர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் மூலநிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி லிப்ரெஆபிஸைத் தொடங்கினார்கள். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. அவர்கள் கற்றிருந்ததில் எதுவும் வீணாகவில்லை.

உங்கள் மகளுக்கு நான் சொல்வதும் இந்த லிப்ரெஆபிஸைத்தான். கல்லூரியில் சி++ என்ற நிரல்மொழியைப் படித்திருப்பார். இதன் பெரும்பகுதி அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் முதல் நாளே நிரலில் கை வைக்க வேண்டாம். அதை முழுதாகத் தொகுக்க, அதாவது நிரலைக் கணினியில் ஓடும் வடிவுக்கு மாற்ற, ஆரம்பித்தால் அந்தப் பழைய மடிக்கணினி மூச்சு வாங்கும். பிழை சரிபார்ப்பிலிருந்து தொடங்கட்டும். உலகெங்கும் உள்ள பயனர்கள் எழுதும் புகார்கள் பக்ஸில்லா என்ற பொதுப் பதிவேட்டில் சேர்கின்றன. பல புகார்களை யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றன்று உருவாகும் சோதனைப் பதிப்பை இறக்கி, புகாரில் சொன்னபடியே செய்து, பிழை வருகிறதா என்று பார்த்து, எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எத்தனையாவது படியில் உடைகிறது என்று எழுத வேண்டும். தமிழ் எழுத்துகள் திரையில் சிதறும் பிழையை ஐரோப்பாவில் இருப்பவரைவிட இவரால் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும்.

அடுத்த படி, முன்பு சரியாக இருந்தது எந்த மாற்றத்தால் கெட்டது என்று தேடுவது. ஏற்கெனவே தொகுத்து வைத்த நூற்றுக்கணக்கான பதிப்புகளைப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போய், குற்றவாளியான மாற்றத்தை நெருங்க வேண்டும். பொறுமைசாலிக்கு இது துப்பறியும் வேலை. இரவெல்லாம் கறுப்புத் திரை முன் உட்காரும் பெண்ணுக்குச் சொல்லவா வேண்டும்?

நிரல் எழுதும் நேரம் வரும்போது, புதியவர்களுக்கென்றே ‘ஈசி ஹேக்ஸ்’ என்று சிறு வேலைகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எழுதியதை அனுபவசாலி ஒருவர் வரி வரியாகப் படித்துத் திருப்பி அனுப்புவார். முதலில் அழுகைகூட வரும். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ ஏற்றுக்கொள்ளப்படும்போது, அது உங்கள் மகளின் பெயரோடும் தேதியோடும் பொதுப் பதிவில் நிற்கும். நேர்காணலில் காட்ட வேண்டியது அதைத்தான்.

சம்பளம் இல்லாத வேலையா என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் ஆம். ஓரளவு பழகிய பின் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதில் உதவித்தொகை உண்டு. தொழில்நுட்பத் துறையில் வாய்ப்புக் குறைந்தவர்களுக்கான அவுட்ரீச்சி என்ற திட்டத்தில் மூன்று மாத வேலைக்கு 7,000 டாலர் தருகிறார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம். போட்டி கடுமை, கிடைத்தே தீரும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் லினக்ஸ் சர்வர் பராமரிப்பு, மென்பொருள் சோதனை ஆகிய வேலைகளுக்குப் போக இந்தப் பழக்கம் போதும். உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளும் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அந்தக் கறுப்புத் திரையைத் திட்டாதீர்கள்.

தனியாகப் பழகுவது கஷ்டமென்றால் விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கணியம் அறக்கட்டளையும் தமிழிலேயே பாடங்கள் தருகிறது. இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் அந்த மடிக்கணினியில் நினைவகத்தைக் கூட்டி, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகத்தைப் போடுங்கள். நல்ல இணைய இணைப்பு வாங்கிக் கொடுங்கள். படிப்பு முடிந்த பின் ஒரு வருடம் கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள். கடைசியாகச் சொன்னதற்குப் பணம் ஆகாது, ஆனால் அதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும்.

பெரியப்பா மகனிடம் சண்டை வேண்டாம். கடந்த ஆண்டு அந்தப் படிப்பை முடித்த, முன் அனுபவமே இல்லாத பட்டதாரிகளில் எத்தனை பேருக்கு எந்தெந்த நிறுவனத்தில் வேலை கிடைத்தது, கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று பயிற்சி நிலையத்திடமிருந்து எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். அது வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.