டிஏசி வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

கேள்வி: நல்ல ஆம்ப், பெரிய ஸ்பீக்கர், 14 வருஷமாக அதே சிடி பிளேயர். கொஞ்ச நாளாகச் சில சிடிக்களைப் படிக்கத் திணறுகிறது. கடையில் ஒரு விலை உயர்ந்த டிஏசியைப் (டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் பெட்டி) போட்டுக் காட்டி, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றார்கள், என் காதுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆம்புக்குக் கொடுத்த அளவு பணம் இதற்கும் ஆகும். என்னிடம் 600 சிடி இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். இரண்டு தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சிடியைப் படிக்கத் திணறுவது ஒன்று, ஒலி இன்னும் நன்றாக வேண்டும் என்பது வேறொன்று. முதலாவதற்கு டிஏசி மருந்தே இல்லை. எண்களாக வருவதை ஆம்புக்குப் புரியும் மின் அலையாக மாற்றுவது மட்டும்தான் அதன் வேலை. சிடியைப் படிப்பது பிளேயருக்குள் இருக்கும் லேசரும் மோட்டாரும். எவ்வளவு பெரிய டிஏசியைப் பின்னால் மாட்டினாலும் லேசர் போனால் பாட்டு நின்றுவிடும். அதனால் முதலில் பிளேயரை சர்வீஸுக்குக் கொடுங்கள். பல நேரம் லென்ஸில் படிந்த தூசிதான் காரணம், துடைத்தாலே சரியாகிவிடும்.

சரி, கடையில் கேட்ட அந்த வித்தியாசத்துக்கு வருவோம். உங்கள் காது பொய் சொல்லவில்லை. ஆனால் எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டீர்களா? சிடி பிளேயரின் சாதாரண ஆர்சிஏ வெளியீடு (சிவப்பு, வெள்ளை முனை உள்ள வழக்கமான கேபிளுக்கானது) முழு அளவில் சுமார் 2 வோல்ட், டிஏசியை எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள ஸ்டுடியோ வகை) கேபிளில் இணைத்தால் பெரும்பாலும் 4 வோல்ட். வால்யூமைத் தொடாமல் மாற்றிக் கேட்டால் டிஏசி 6 டெசிபல் சத்தமாகப் பாடும். அவ்வளவு கூடத் தேவையில்லை, அரை டெசிபல் கூடினாலே நம் மூளை அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, தெளிவு, ஆழம், உயிர்ப்பு என்று எடுத்துக்கொள்ளும். நானே ஒரு முறை இப்படிக் கேட்டுவிட்டு ஒரு டிஏசி வாங்கி வந்தேன். வீட்டில் அளவைச் சமப்படுத்திக் கேட்டபோது எது பழையது எது புதியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்குள் திருப்பிக் கொடுக்கும் நாளும் தாண்டிவிட்டது. இந்த வருத்தம் உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நீட்டுகிறேன்.

ஆகவே திருப்பிக் கொடுக்கலாம் என்ற உறுதியோடு டிஏசியை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். பிளேயரின் அனலாக் வெளியீட்டை ஆம்பில் ஒரு இன்புட்டுக்கும், அதே பிளேயரின் கோஆக்சியல் டிஜிட்டல் வெளியீட்டை டிஏசி வழியாக இன்னொரு இன்புட்டுக்கும் கொடுங்கள். இப்போது ஒரே சிடி, ஒரே நேரத்தில், இரண்டு வழியிலும் வரும். 1 கிலோஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை (ஒரே சீரான சோதனை ஒலி) சின்ன வால்யூமில் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை (மின் அளவு காட்டும் கருவி) ஏசி வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள் (இரண்டு முனைகளும் ஒன்றோடு ஒன்று தொட்டுவிடக் கூடாது, ஆம்ப் போய்விடும்). ஒன்றில் 2.00 வந்தால் மற்றதில் 2.02-க்குள் இருக்க வேண்டும், 0.1 டெசிபல் என்பது அவ்வளவுதான். டிஏசியிலேயே வால்யூம் இருந்தால் அதில் சரிசெய்யலாம், இல்லையென்றால் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனியாக அளவு வைக்கும் வசதி ஆம்பில் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் வீட்டில் யாரையாவது உங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி 16 முறை கேளுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் உண்மையிலேயே வித்தியாசம் கேட்கிறது என்று நம்பலாம், வெறும் ஊகத்தில் அந்த அளவு வர 100-க்கு 4 வாய்ப்புகூட இல்லை. அப்படிக் கேட்டால், அது பிடித்தும் இருந்தால், தாராளமாக வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். பழைய பிளேயரின் அனலாக் பகுதியில் இரைச்சல் ஏறியிருந்தால் அப்படிக் கேட்கத்தான் செய்யும்.

"ஹை-ரெஸ்" (சிடியைவிட நுணுக்கமான பதிவு) என்ற முத்திரைக்காக மட்டும் வாங்காதீர்கள். 1982-இல் வந்த சிடியிலேயே 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள், மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் அளவுக்கு வீச்சு இருக்கிறது. மேயர், மோரன் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவு ஓடும் பாதையின் நடுவே சிடி தரத்துக்குக் குறைக்கும் கருவியைச் செருகியும் எடுத்தும் கேட்க வைத்தார்கள். 554 முறையில் 276 தான் சரி, நாணயம் சுண்டிப் பார்த்த மாதிரி. உங்கள் 600 சிடியில் இல்லாத எதையும் எந்த டிஏசியும் புதிதாகக் கொண்டுவராது.

கையில் பணம் இருந்தால் அறையைப் பாருங்கள். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தினாலே பாஸில் (அடித்தொனியில்) பல டெசிபல் மாறும், எந்த இரண்டு நல்ல டிஏசிக்கும் நடுவே அவ்வளவு இருக்காது.

இன்னொன்று, அந்த 600 சிடியையும் இப்போதே கம்ப்யூட்டரில் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) ஃபைல்களாக ஏற்றிவிடுங்கள். ஒரு சிடிக்கு 400 எம்பி என்று வைத்தால்கூட மொத்தம் 240 ஜிபிதான். அக்யூரேட்ரிப் சரிபார்ப்பு உள்ள மென்பொருளாக இருந்தால், அதே சிடியை ஏற்றிய மற்றவர்களின் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று காட்டிவிடும். இரண்டு டிஸ்க்கில் பிரதி வையுங்கள்.

கேள்வி: ஸ்ட்ரீமரும் (இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் கருவி) டிஏசியும் ஒரே பெட்டியில் வருவதை வாங்கலாமா?

பதில்: தனித்தனியாக வாங்குங்கள். டிஏசி பத்துப் பதினைந்து வருஷம் அப்படியே உழைக்கும், ஸ்ட்ரீமரின் உயிர் மென்பொருளில் இருக்கிறது, அப்டேட் நின்றால் அதுவும் நின்றமாதிரிதான். எம்க்யூஏ என்ற ஒலி வடிவம் வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். 2023-இல் அதை உருவாக்கிய நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது, 2024-இல் டைடல் என்ற ஸ்ட்ரீமிங் சேவையும் அதை விட்டு ஃப்ளாக்குக்கு மாறிவிட்டது. ஸ்ட்ரீமரைக் குறைந்த விலையில் எடுங்கள், டிஜிட்டல் வெளியீடு மட்டும் இருந்தால் போதும்.