பச்சைக் குழந்தையின் மார்பில் பால்: பிதுக்கலாமா?

“பிறந்து ஒன்பது நாளான என் மகனுக்கு இரண்டு மார்பும் சுண்டைக்காய் அளவுக்கு வீங்கியிருக்கின்றன. நேற்று காம்பில் வெள்ளையாக ஒரு சொட்டு தெரிந்தது. குளிப்பாட்ட வரும் பாட்டி, ‘பிதுக்கி எடுக்காவிட்டால் கட்டிக்கொள்ளும்’ என்கிறார். எடுக்கலாமா டாக்டர்?” என்று ஒரு வாசகி கேட்கிறார்.

வேண்டாம். முதலில் பாட்டியின் கையை நிறுத்துங்கள், காரணத்தை அப்புறம் பார்ப்போம்.

இது நோய் அல்ல. ஆண், பெண் என்ற வித்தியாசமும் இதற்குக் கிடையாது. கர்ப்ப காலத்தில் தாயின் ரத்தத்தில் ஏறியிருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் பால்சுரப்பிகளையும் வளர்த்துவிடுகிறது. பால் சுரக்காமல் அடக்கி வைத்திருப்பதும் கர்ப்ப கால ஹார்மோன்கள்தான். பிறந்ததும் அந்த வரத்து நின்று, அடக்கிய பிடி தளர்கிறது. குழந்தையின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியே சுரக்கும் புரோலாக்டின் என்ற பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் வேலையைத் தொடங்குகிறது. பிரசவமாகி மூன்றாம் நாள் வாக்கில் உங்களுக்குப் பால் இறங்கியதே, அதே கணக்குதான். அந்தச் சொட்டு சீழ் இல்லை. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கலந்த நிஜப் பால்.

குறைமாதக் குழந்தைகளிடம் இதை அதிகம் பார்க்க முடியாது. குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது என்று கணிக்க, காம்புக்கு அடியில் மொட்டுப் போல இருக்கும் பால்சுரப்பித் திசுவை நாங்கள் தொட்டுப் பார்ப்பதுண்டு. நிறைமாதக் குழந்தைக்கு அது 5 முதல் 10 மில்லிமீட்டர் இருக்கும். ஆக, உங்கள் மகன் நன்றாக முற்றிப் பிறந்திருக்கிறான்!

சரி, பிதுக்கினால் என்ன? கறக்கக் கறக்கத்தான் சுரக்கும். மாடு வளர்த்த பாட்டி என்றால் இந்த ஒரு வரி போதும், ஒத்துக்கொள்வார். அழுத்துகிற இடத்தில் தோல் நைந்து, ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமி உள்ளே போய்ச் சீழ்க்கட்டி வரலாம். பெண் குழந்தை என்றால் அந்த மொட்டே சேதமாகி, வயதுக்கு வரும்போது ஒரு பக்க மார்பு சரியாக வளராமல் போகலாம். எண்ணெய் தேய்க்கும்போதும் அங்கே அழுத்த வேண்டாம். பால் கசிந்தால் துணியால் ஒற்றி எடுங்கள். ஒத்தடம், பற்று எதுவும் தேவையில்லை.

பெரும்பாலும் சில வாரங்களில் வடிந்துவிடும். சிலருக்கு, குறிப்பாகப் பெண் குழந்தைகளுக்கு, சில மாதங்கள்கூட ஆகும்.

வீக்கம் சிவந்து சூடாக இருந்தால், ஒரு பக்கம் மட்டும் பெரிதானால், தொட்டவுடன் குழந்தை வீறிட்டால், சீழோ ரத்தமோ வந்தால் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல் அடித்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ, இரவென்றாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.