நாற்பதுக்கு மேல் குருமடம்: கேள்வி பதில்

பிறந்தது வள்ளியூர்ப் பக்கம். கணக்கர் வேலைக்கு லண்டன் போன இடத்தில், 38 வயதில், கத்தோலிக்கக் குருவாக விரும்பி அங்குள்ள மறைமாவட்டம் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் உள்ள பகுதி) ஒன்றில் சேர்ந்தேன். அவர்கள் என்னை ரோமில் உள்ள பீடா கல்லூரிக்கு அனுப்பினார்கள். வயது முதிர்ந்து வருபவர்களுக்கான குருமடம், அதாவது குருக்களாகப் பயிற்சி தரும் இடம் அது. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் இங்கே பதில் எழுதுகிறேன்.

எனக்கு 41 வயது, ஃபாதர். நேரம் கடந்துவிட்டதா? (நாங்குநேரி)

இல்லை தம்பி. குருப்பட்டத்துக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் திருச்சபைச் சட்டம். மேல் வரம்பு சட்டத்தில் இல்லை, அது அந்தந்த ஆயரின் முடிவு. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் 33 வயதில் பார்சலோனாவில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து லத்தீன் படித்தார். 1537-ல் குருவானபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

ரோமுக்கு நானே விண்ணப்பம் போடலாமா? (அம்பாசமுத்திரம்)

முடியாது. ஓர் ஆயரோ துறவற சபையோ உங்களை ஏற்று அனுப்ப வேண்டும். முதலில் பங்குத்தந்தையிடம் பேசுங்கள், அப்புறம் மறைமாவட்டத்தில் இறை அழைத்தலுக்குப் பொறுப்பான குருவைப் பாருங்கள். உள்ளூரில் தயங்குகிறார்கள், வெளிநாட்டில் எளிது என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். உங்களை அறிந்த பங்கு சொல்லும் சாட்சியைத்தான் எங்கேயும் முதலில் கேட்பார்கள்.

மனைவி இறந்து ஆறு வருடம். பிள்ளைகள் இருவரும் வேலையில் இருக்கிறார்கள். என்னை எடுப்பார்களா? (திசையன்விளை)

சட்டத்தில் தடை இல்லை அண்ணாச்சி. பிள்ளைகள் உங்களை நம்பியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். கடன் இருந்தால் அடைத்துவிட்டு வாருங்கள். துக்கம் ஆறியிருக்கிறதா என்றும் கேட்பார்கள், அதை மறைக்காமல் சொல்லுங்கள். வெறுமையாகிவிட்ட வீட்டிலிருந்து தப்பிக்க இது வழியல்ல.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போதகர் ஒருவர் கத்தோலிக்கராகிறார், மனைவி இருக்கிறார். குருவாக முடியுமா? (நாசரேத்)

நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் லத்தீன் வழிபாட்டு முறைத் திருச்சபையில் மணமானவர்களுக்குப் பொதுவாக இல்லை. அப்படி வரும் போதகர்களுக்குத் திருத்தந்தை தனியாக விலக்கு அளிப்பதுண்டு. அது சலுகைதான், உரிமையாகக் கேட்க முடியாது. பீடா கல்லூரியே 1852-ல் கத்தோலிக்கரான ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) குருக்களுக்காகத் தொடங்கியதுதான்.

இத்தாலிய மொழி தெரியாதே? (தென்காசி)

அங்கே பாடம் ஆங்கிலத்தில்தான். கடைக்கும் பஸ்ஸுக்கும் இத்தாலியம் வேண்டும், அது பழகப் பழக வரும். வீரமாமுனிவர் முப்பது வயதில் இத்தாலியிலிருந்து வந்து, நம்ம காமநாயக்கன்பட்டிப் பக்கம் தமிழ் படித்தவர். அவர் எழுதியதைப் பார்த்தபிறகு வயதைச் சாக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எது கஷ்டம், ஃபாதர்? படிப்பா? (வடக்கன்குளம்)

படிப்பு இல்லை. பக்கத்து அறையில் 49 வயது வக்கீல் ஒருவர் இருந்தார். முகம் மழிக்கும் கண்ணாடியைச் சுற்றிக் கிரேக்க எழுத்துகளைச் சீட்டில் எழுதி ஒட்டிவைத்திருப்பார். சோப்பு நுரையோடு ஆல்பா, பீட்டா என்று சொல்லிக்கொண்டே மழிப்பார். படிப்பு அப்படி வந்துவிடும்.

கஷ்டம் என்னவென்றால், வேலையில் பல வருடம் நான் சொல்லி மற்றவர்கள் செய்தார்கள். அங்கே வெளியூருக்கு இரண்டு நாள் போகக் குருமட அதிபரிடம் அனுமதி கேட்க வேண்டும், அதிபர் என்னைவிடச் சின்னவர். என் முதல் மறையுரையை ஒரு மாணவர், "தகவல் இருந்தது, ஜெபம் இல்லை" என்றார். அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஆன்ம குருவிடம் போய்ச் சொன்னேன். அவர் எனக்குச் சமாதானம் சொல்லவில்லை, "அவர் சொன்னது உண்மையா?" என்று மட்டும் கேட்டார். உண்மைதான். வயது முதிர்ந்து வருகிறவருக்குப் பயிற்சி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து. இளைஞர்கள் புதிதாகக் கற்கிறார்கள். நாம் முதலில் கையில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டும்.

தம்பி போகிறேன் என்கிறான். அம்மாவுக்கு 76 வயது, நான்தான் பார்க்க வேண்டும். அவன்மேல் கோபம் வருகிறது. அது பாவமா? (பாளையங்கோட்டை)

பாவமில்லை அக்கா. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. என் அக்காவும் என்னிடம் மூன்று மாதம் பேசவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, மாதம் எவ்வளவு அனுப்புவான், அம்மா படுத்துவிட்டால் யார் வந்து இருப்பது என்று அம்மா முன்னாலேயே பேசி முடிவெடுங்கள். அதற்குப் பதில் இல்லாமல் அவன் கிளம்பினால், அவன் சேரும் குருமட அதிபரிடம் அதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. தயங்காமல் எழுதுங்கள்.