சொந்த சர்வர் எடுப்பதற்கு முன் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: அம்பத்தூரில் சிறிய அளவில் வெப் டிசைன் தொழில் செய்கிறேன். தளம் செய்து கொடுத்த 35 வாடிக்கையாளர்களுக்கு ஹோஸ்டிங் (தளத்தை சர்வரில் வைத்து இயக்குவது), பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 4,000 ரூபாய் வாங்குகிறேன். சர்வர் என்னுடையது அல்ல. நண்பர் மூலம் அறிமுகமான ரீசெல்லர் (சர்வர் இடத்தை வாங்கி மறுவிற்பனை செய்பவர்) ஒருவரிடம் மொத்தமாக இடம் வாங்கியிருக்கிறேன். தளங்களின் முகவரிப் பெயர்களான டொமைன்களையும் அவரே பதிவு செய்து தந்தார். போன மாதம் இரண்டு நாள் எல்லாத் தளங்களும் நின்றுவிட்டன. அவர் போனையே எடுக்கவில்லை. தி.நகரிலிருந்து ஆன்லைனில் சேலை விற்கும் வாடிக்கையாளர் ஒருவர் நஷ்டஈடு கேட்கிறார். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? சொந்தமாக சர்வர் எடுத்துவிடலாமா?

பதில்: சர்வர் எடுக்கலாம். ஆனால் இந்த வாரமே எடுக்காதீர்கள். 'டொமைன்களையும் அவரே பதிவு செய்து தந்தார்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை தருவது அந்த வரிதான்.

சர்வர் போனால் பேக்கப்பை வைத்து அன்று சாயங்காலமே வேறு இடத்தில் தளத்தை ஏற்றிவிடலாம். டொமைன் போனால் தளமும் போகும், அந்தப் பெயரில் இருக்கும் மெயிலும் போகும். பணம் கட்டியது யார், இத்தனை வருடமாகப் பயன்படுத்துவது யார் என்பதையெல்லாம் டொமைனைப் பதிந்து தரும் பதிவு நிறுவனம் பார்க்காது. பதிவு விவரத்தில் ரெஜிஸ்ட்ரன்ட் என்ற இடத்தில் யார் பெயரும் மெயிலும் இருக்கின்றனவோ அவர்தான் உரிமையாளர். ரீசெல்லர்களில் பலர் அந்த இடத்தில் தங்கள் பெயரையே போட்டுவிடுகிறார்கள். சிலர் சோம்பலில் செய்கிறார்கள். சிலர் வேண்டுமென்றே செய்கிறார்கள். மனையின் பத்திரம் தரகர் பெயரில் இருக்க, அதில் நீங்கள் வீடு கட்டிக் குடித்தனக்காரர்களிடம் வாடகை வசூலிப்பது போன்ற நிலை இது.

இதில் என் பொறுமையைச் சோதிப்பது விதிமுறைகள்தான். .காம் போன்ற டொமைன்களை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற ஆத் கோடு என்ற ரகசியக் குறியீடு வேண்டும். கேட்டால் ஐந்து நாளுக்குள் பதிவு நிறுவனம் தந்தாக வேண்டும் என்று உலக அளவில் டொமைன்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு விதி வைத்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் கேட்கும் உரிமை ரெஜிஸ்ட்ரன்டுக்கு மட்டும். உங்கள் விஷயத்தில் அந்த ரெஜிஸ்ட்ரன்டே ரீசெல்லராக இருந்தால் நீங்கள் யாரிடம் போய் முறையிடுவீர்கள்? .இன் டொமைன்களை நிர்வகிக்கும் நிக்சியிடம் ஐஎன்டிஆர்பி என்ற நடுவர் முறை இருக்கிறது. அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும், அந்தப் பெயரில் உங்களுக்கு உரிமை உண்டென்று நிரூபிக்க வேண்டும். டிரேட்மார்க் பதிவு செய்யாத சின்னக் கடைக்காரர் எதைக் காட்டுவார்? ஏமாந்தவர் வாய் திறக்க வழியில்லாமல் ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, விழிப்போடு இருங்கள் என்று அறிவுரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே முதல் வேலை இது. 35 டொமைன்களுக்கும் ரெஜிஸ்ட்ரன்ட் பெயர், மெயில், பதிவு நிறுவனம், காலாவதி தேதி நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'ஆடிட்டர் கேட்கிறார்' என்று சொன்னால் போதும். விலகப் போவதாக மூச்சு விடாதீர்கள். அந்த இரண்டு நாள் சண்டையையும் இப்போது எடுக்காதீர்கள். காலாவதி நெருங்கும் டொமைன்களை முதலில் கவனியுங்கள். .காம் டொமைன் காலாவதியானால் பதிவு நிறுவனம் அதிகபட்சம் 45 நாள் வரை வைத்திருக்கலாம். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனியாகப் பெரிய கட்டணம். அதன்பின் ஐந்து நாளில் அழிந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். மீட்புக் கட்டணத்தின் மேல் தன் பங்கையும் ஏற்றி வாடிக்கையாளரைக் கறக்கும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பொய்யையும் கேட்பீர்கள்: '60 நாள் லாக் இருக்கு சார், இப்போ சர்வரை மாத்த முடியாது.' புதிதாகப் பதிந்த டொமைனையும் அண்மையில் மாற்றிய டொமைனையும் 60 நாளுக்கு வேறு பதிவு நிறுவனத்துக்கு எடுத்துப் போக முடியாதுதான். ஆனால் அந்தப் பூட்டு பதிவு நிறுவனத்தை மாற்றுவதற்கு மட்டும். தளம் எந்த சர்வரில் இருக்கிறது என்பதை அந்த 60 நாளிலும் மாற்றலாம்.

அடுத்தது பேக்கப். 'டெய்லி பேக்கப் ஓடுது' என்று ரீசெல்லர் சொல்லியிருப்பார். எங்கே ஓடுகிறது என்று கேளுங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் தீயில் எரிந்தது. தளத்தையும் பேக்கப்பையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். நமக்கு 2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் என்று டிசம்பர் வந்தாலே பயம். தரவு மையத்தில் ஜெனரேட்டர் இருக்கும். தரைத்தள அலுவலகத்தில் வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு என்ன இருக்கிறது? ஒவ்வொரு தளத்தின் நகலும் சென்னைக்கு வெளியே, ரீசெல்லர் கை படாத ஒரு கணக்கில், உங்கள் பாஸ்வேர்டில் இருக்க வேண்டும். மாதம் ஒரு தளத்தையாவது அந்த நகலிலிருந்து எடுத்து ஏற்றிப் பாருங்கள். டேட்டாபேஸ் இல்லாமல் வெறும் படங்களை மட்டும் சேமித்து வைத்திருக்கும் பேக்கப்புகள் ஏராளம். அது தெரிய வருவது தளம் விழுந்த அன்றைக்குத்தான்.

இந்த இரண்டும் கைக்கு வந்த பிறகு சர்வரைப் பற்றிப் பேசலாம். 35 பேர், ஆளுக்கு 4,000 என்றால் ஆண்டுக்கு 1,40,000 ரூபாய். மாதம் 12,000 கூட வரவில்லை. இதில் சர்வர் வாடகை, கன்ட்ரோல் பேனல் (சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள்) லைசென்ஸ், வெளியூர் பேக்கப், நள்ளிரவில் எழுந்து பார்க்கும் உங்கள் உழைப்பு எல்லாம் அடங்க வேண்டும். இத்தகைய பேனலை விற்கும் சிபேனல் நிறுவனம் 2019-ல் ஒரு சர்வருக்கு இவ்வளவு என்ற விலையை விட்டுவிட்டு, கணக்குகளின் எண்ணிக்கைப்படி வசூலிக்கத் தொடங்கியது. 30 கணக்கைத் தாண்டினால் அடுத்த விலைப்படியில் ஏற வேண்டும். 35 கணக்கு வைத்திருக்கும் நீங்கள் மாட்டுவது அங்கேதான். அந்த விலையைப் பார்த்து மிரண்டவர்களைக் குறிவைத்துத்தான் டெலிகிராமில் 'ஷேர்டு லைசென்ஸ்' (ஒரே லைசென்ஸைப் பலருக்குப் பிரித்துத் தருவது) விற்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு விலை என்பார்கள். அதை நிறுவ உங்கள் சர்வரின் ரூட் அதிகாரத்தையே, அதாவது முழுக் கட்டுப்பாட்டையே, கொடுக்க வேண்டும். முகம் தெரியாத ஒருவருக்கு 35 குடும்பங்களின் தொழிலைத் திறந்துவிடும் காரியம் அது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இலவச பேனல்கள் தவறில்லை, ஆனால் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. 2024 அக்டோபரில் இலவச பேனலான சைபர்பேனலில் இருந்த ஓட்டை வழியாக ஆயிரக்கணக்கான சர்வர்கள் ரான்சம்வேரில் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) சிக்கின. உங்களுக்கு என் சிபாரிசு மேனேஜ்டு விபிஎஸ், அதாவது பெரிய சர்வரில் உங்களுக்கென்று பிரித்துத் தரும் பகுதி. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் பேனலையும் அதை வாடகைக்குத் தரும் நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் தளங்களைப் பாருங்கள். மெயிலைக் கட்டாயம் தனிச் சேவைக்கு மாற்றிவிடுங்கள். ஒருவருடைய வேர்ட்பிரஸ் தளம் ஹேக் ஆகி ஸ்பாம் கிளம்பினால் சர்வரின் ஐபி முகவரியே (இணையத்தில் அதன் எண்) கறுப்புப் பட்டியலில் ஏறும். பிறகு மற்ற 34 பேர் அனுப்பும் கொட்டேஷனும் திரும்பி வரும். ஆண்டுக் கட்டணத்தையும் உயர்த்துங்கள். 4,000 ரூபாய்க்குப் பராமரிப்பு என்று இனியும் சொல்லாதீர்கள். தொடர்ந்து செய்ய முடியாத வேலைக்கு வாக்குக் கொடுப்பது வாடிக்கையாளருக்கும் நல்லதல்ல.

சொந்த சர்வருக்கு வந்தால் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் விதிகளும் உங்களைத் தொடும். 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, ஹேக்கிங் போன்ற சம்பவம் தெரிய வந்த ஆறு மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். லாக் கோப்புகளை (சர்வரில் நடப்பதையெல்லாம் பதியும் கோப்புகள்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆயிரம் பேர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கும் ஆறு மணி நேரம், கணவனும் மனைவியுமாக நடத்தும் நிறுவனத்துக்கும் ஆறு மணி நேரம். சிறு நிறுவனங்களுக்குத் தந்த சலுகையெல்லாம் அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை கூடுதல் அவகாசம், அவ்வளவுதான். இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் லாக் கோப்புகளை அழிக்காமல் வையுங்கள், ஹேக் ஆன அன்று உங்களுக்கே அவை வேண்டியிருக்கும். வெளிநாட்டு சர்வர் எடுத்தால் ஜிஎஸ்டியில் ரிவர்ஸ் சார்ஜ் (விற்பவருக்குப் பதில் வாங்குபவரே வரி கட்டும் முறை) வரும், அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தளங்களை மாற்றுவது பெரிய வேலையல்ல. நகல் எடுத்து, புதிய சர்வரில் ஏற்றி, டிஎன்எஸ் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) மாற்றினால் முடிந்தது. ஆனால் சேலைக் கடைக்கு இப்படிச் செய்யாதீர்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் ஆர்டர் விழுகிறது. டிஎன்எஸ் மாறும் நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் பழைய சர்வருக்கும் இன்னொருவர் புதிய சர்வருக்கும் போவார். இரண்டு பக்கமும் ஒரே ஆர்டர் எண், 1052 என்று வையுங்கள், உருவாகும். நீங்கள் பழைய சர்வரை நிறுத்தும்போது அங்கே விழுந்த ஆர்டர்கள் காணாமல் போகும். பணம் மட்டும் கடைக்காரர் கணக்கில் இருக்கும்.

இதற்கு இரண்டு கட்டமாக வேலை செய்யுங்கள். டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றினால் .காம் டொமைனுக்கு அது எல்லா இடத்துக்கும் பரவ 48 மணி நேரம் வரை ஆகும். அதனால் மாற்றும் நாளில் நேம்சர்வரைத் தொடவே கூடாது. ஒரு வாரம் முன்னதாகவே டிஎன்எஸ்ஸை மட்டும் ரீசெல்லரிடமிருந்து தனி டிஎன்எஸ் சேவைக்குக் கொண்டு போங்கள். பழைய ஐபி முகவரியே அதில் இருக்கட்டும். மெயிலுக்கான எம்எக்ஸ் பதிவுகளை மறக்காமல் நகலெடுங்கள். பலர் இங்கேதான் மெயிலைத் தொலைக்கிறார்கள். பிறகு டிடிஎல் அளவை (பழைய ஐபியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடியாகக் குறைத்து ஒரு நாள் விடுங்கள். மாற்றும் இரவில் பழைய தளத்தைப் பராமரிப்புப் பக்கத்துக்கு மாற்றி, ஆர்டர் எடுப்பதை முழுமையாக நிறுத்திய பிறகுதான் டேட்டாபேஸைக் கடைசியாக நகலெடுக்க வேண்டும். புதிய சர்வரில் ஏற்றியதும் ஐபியை மாற்றுங்கள். தளம் பாதுகாப்பானது என்று காட்டும் பழைய எஸ்எஸ்எல் சான்றிதழையும் அதன் சாவியையும் முன்கூட்டியே எடுத்துப் போகாவிட்டால் கொஞ்ச நேரம் 'பாதுகாப்பற்ற தளம்' என்று காட்டும். அந்த எச்சரிக்கையைப் பார்ப்பவர் கார்டு எண்ணைப் போட மாட்டார். எஸ்எம்எஸ், கூரியர் சேவைகள் பழைய ஐபியை மட்டும் அனுமதித்திருக்கலாம், அதையும் முன்பே கேட்டு மாற்றுங்கள். கடைசியாக ஒரு ரூபாய்ப் பொருள் ஒன்றை வைத்து நீங்களே வாங்கிப் பாருங்கள். அந்த இரவு வந்த பணத்தையும் ஆர்டர் பட்டியலையும் காலையில் கடைக்காரரோடு உட்கார்ந்து ஒப்பிட்டு முடிக்க வேண்டும். ஆடித் தள்ளுபடி நேரத்திலும் தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும் இந்த வேலையே வேண்டாம்.

இனி நஷ்டஈடு. சேலைக் கடைக்காரர் ஒப்பந்தம் செய்தது உங்களோடு. ரீசெல்லர் யாரென்றே அவருக்குத் தெரியாது. எனவே அவர் உங்களைக் கேட்பது சரிதான். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவின்படி, ஒப்பந்தம் மீறப்பட்டதால் இயல்பாக ஏற்படும் இழப்பையும், ஒப்பந்தத்தின்போதே இருவருக்கும் தெரிந்திருந்த இழப்பையும்தான் கேட்க முடியும். சுற்றிவளைத்து வரும் இழப்புகளைக் கேட்க முடியாது. ஆனால் நீங்கள் எழுத்தில் என்ன சொன்னீர்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். கொட்டேஷனிலோ வாட்ஸ்அப்பிலோ '24 மணி நேரமும் ஓடும்' என்று எழுதியிருந்தால் அதை அவர் காட்டுவார்.

ரீசெல்லரிடமிருந்து நீங்கள் எதையும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. 99.9 சதவீதம் ஓடும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். மாதத்துக்கு 43 நிமிடம் நிற்கலாம் என்பது அதன் கணக்கு. 48 மணி நேரம் நின்றால் அந்த நேரத்துக்கான கட்டணத்தைக் கழிப்பதாகச் சிறிய எழுத்தில் இருக்கும். அதே கணக்கை நீங்கள் கடைக்காரரிடம் போட்டால் 4,000 ரூபாயில் இரண்டு நாளுக்கு 22 ரூபாய் வரும். தொழில் நின்று தவித்தவரிடம் அந்த 22 ரூபாயை நீட்டாதீர்கள். என்ன நடந்தது, இனி என்ன மாற்றப் போகிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஆறு மாதக் கட்டணத்தை விட்டுக்கொடுங்கள். நேரில் போய்ப் பேசினால் பெரும்பாலும் இதிலேயே முடியும்.

அடுத்த புதுப்பித்தலிலிருந்து எல்லாரிடமும் இரண்டு பக்க ஒப்பந்தம் வாங்குங்கள். உங்கள் பொறுப்பு ஓராண்டுக் கட்டணத்தைத் தாண்டாது என்றும், பேக்கப் எத்தனை நாளுக்கு இருக்கும் என்றும், எந்த நேரத்தில் போன் எடுப்பீர்கள் என்றும் அதில் இருக்க வேண்டும். கடைக்காரர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் வாட்ஸ்அப்பில் பதில் எழுதாமல் அதை நேரே ஒரு வக்கீலிடம் கொண்டு போங்கள்.