அலுமாரியோடு சேரும் கண்ணாடிச் சட்டம்: மரவேலைக் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் அப்பா காலத்துப் பலா அலுமாரி ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்துச் சுவரில் 2 அடி அகலம், 3 அடி உயரமுள்ள முகம்பார்க்கும் கண்ணாடியை மாட்டப் போகிறோம். தம்பிக்கு ஓரளவு மரவேலை தெரியும். சட்டம் அலுமாரியோடு சேர்ந்தாற்போல் இருக்க என்ன மரம் எடுக்க வேண்டும்? மூலையை எப்படிப் பொருத்துவது? நிறத்தை எப்படிக் கொண்டுவருவது?
– வாசகி, ஹட்டன்

பதில்: நிறத்தைக் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். வேலையும் அந்த வரிசையில்தான் நடக்க வேண்டும். மரம் வேறாகவோ மூலை வேறு மாதிரியாகவோ இருந்தால் எத்தனை கோட் பொலிஷ் அடித்தாலும் சட்டம் தனியாகத்தான் தெரியும்.

மரம் பலாவே. புதிதாக அறுத்த பலா பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு ஆண்டுக்கணக்கில் தேன் நிறமாகிப் பிறகு கபிலமாகும். ஆகவே பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் பலாக் கதவுநிலை, உடைந்த கட்டில் சட்டம் போன்றவற்றைத் தேடுங்கள். உள்ளே ஆணி முறிந்து கிடக்கலாம். காந்தத்தை ஓட்டிப் பார்த்த பிறகே இழைப்புளியை வையுங்கள். பழைய பலாவை இழைத்தால் மேல்தோல் போய் மஞ்சள் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஆனாலும் புதுப் பலாவை விட அலுமாரியின் நிறத்துக்கு அது எவ்வளவோ அருகில் நிற்கும். மரக்காலையில் வாங்குவதானால் வெளிறு (பட்டையை ஒட்டிய வெளிமரம்) இல்லாத வைரப் பலகையாகக் கேளுங்கள். வெளிறு வெளுத்தே இருக்கும், பூச்சியும் முதலில் அதைத்தான் பிடிக்கும். பற்றுச்சீட்டையும் வாங்கி வையுங்கள். சொந்தத் தோட்டத்துப் பலாவாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது.

3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பில் மொத்தம் 13 அடி வேண்டும். இழைத்து முடிய 70 மி.மீ. அகலமும் 22 மி.மீ. தடிப்பும் மிஞ்சும். வெட்டுவதற்கு முன் பலகையை அந்த வீட்டிலேயே, கண்ணாடி தொங்கப்போகும் அறையிலேயே, இடையில் குச்சி வைத்து அடுக்கி மூன்று நான்கு வாரம் விட்டுவிடுங்கள். காற்றின் ஈரப்பதன் 80 சதவீதமாக நிற்கும் வீட்டில் மரம் தன் எடையில் 16 சதவீதம் அளவுக்கு நீர் வைத்திருக்கும். 60 சதவீதம் என்றால் 11 அளவில் நிற்கும். இந்த வித்தியாசத்தில் 70 மி.மீ. அகலம் அரை மி.மீ. வரை கூடிக் குறையும். மலைநாட்டில் சட்டம் பிளந்ததாக வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

இனி மூலை. அலுமாரிக் கதவை உற்றுப் பாருங்கள். பழைய அலுமாரிகளில் நெடுஞ்சட்டம் மேலிருந்து கீழ்வரை ஓட, குறுக்குச் சட்டம் அதில் வந்து முட்டும். மூலைவிட்டமாக 45 பாகையில் வெட்டிய கோடு இருக்காது. உங்கள் சட்டத்திலும் அப்படியே செய்யுங்கள். பார்வைக்கு அலுமாரியோடு சேர்வதோடு, மழைக்காலத்தில் ஊதினாலும் மூலை வாய் பிளக்காது. கழுந்தும் துளையும் (ஒன்றின் நுனியை நாக்காகச் செதுக்கி மற்றதன் துளைக்குள் செருகுவது) போட்டால் மிக நன்று. கைப்பழக்கம் குறைவென்றால் ஒன்றின் மேல் ஒன்று படியும் பொருத்துப் போதும். அளவு வருமாறு.

கண்ணாடி 610 × 914 மி.மீ., தடிப்பு 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய கண்ணாடியை நீங்களே அளந்து, வித்தியாசம் இருந்தால் கீழே உள்ள நீளங்களை அதற்கேற்ப மாற்றுங்கள். நெடுஞ்சட்டம் இரண்டு, ஒவ்வொன்றும் 1038 மி.மீ. குறுக்குச் சட்டம் இரண்டு, ஒவ்வொன்றும் 734 மி.மீ. நான்கிலும் பின்பக்கத்து உள்விளிம்பில், கண்ணாடி உட்கார 10 மி.மீ. அகலமும் 12 மி.மீ. ஆழமும் உள்ள பள்ளத்தை முழு நீளத்துக்கும் ஓட்டிவிடுங்கள். முன்பக்கம் 10 மி.மீ. உதடு மிஞ்சும். நெடுஞ்சட்டத்தின் இரு நுனியிலும் பின்பக்கத்தில் 60 மி.மீ. நீளத்துக்கு 12 மி.மீ. ஆழம் எடுங்கள். குறுக்குச் சட்டத்தின் இரு நுனியிலும் முன்பக்கத்தில் 70 மி.மீ. நீளத்துக்கு 10 மி.மீ. ஆழம் எடுங்கள். 60, 70 என்பதை மாற்றிவிட்டால் பள்ளத்தின் மூலையில் ஓட்டை விழும், அல்லது கண்ணாடி உட்கார இடமிராது. பள்ளம் பின்பக்கத்தில் 10 மி.மீ.யை ஏற்கெனவே தின்றுவிட்டதால்தான் நெடுஞ்சட்டத்துக்கு 60. சரியாக வெட்டியிருந்தால் பள்ளத்துக்குள் 614 × 918 மி.மீ. இடம் கிடைக்கும், கண்ணாடியைச் சுற்றி 2 மி.மீ. இடைவெளி. முன்னால் தெரியும் கண்ணாடி 594 × 898.

கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தி முனையால் கீறுங்கள். வாள் கோட்டின் கழிவுப் பக்கத்தில் போகட்டும், மிச்சத்தை உளியால் சீவி எடுக்கலாம். பசை இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். கையால் அழுத்தினால் இறங்க வேண்டும். சுத்தியல் கேட்டால் இறுக்கம் கூடிவிட்டது, தானாக விழுந்தால் தளர்ந்துவிட்டது. தளர்ந்ததைப் பசை காப்பாற்றாது.

வெள்ளைப் பசையை இரு முகத்திலும் மெல்லியதாகப் பூசி, மூலைக்கு ஒரு கிளாம்பாக இறுக்கி, மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் 1271 மி.மீ. வந்தால் சட்டத்தின் மூலைகள் செங்கோணம். வித்தியாசம் 1 மி.மீ.க்கு மேல் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனையையும் நெருக்கித் தள்ளுங்கள். வெப்பம் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் இந்தப் பசை சுண்ணாம்புபோல் வெளுத்துப் பொடிந்துவிடும். தை மாத இரவில் புல்லில் உறைபனி படியும் நுவரெலியாப் பக்கத்தில் காலையில் ஒட்டி, ஆள் புழங்கும் அறையில் 24 மணி நேரம் விடவேண்டும். அடுப்படிச் சூட்டில் வைக்காதீர்கள், மரம் ஒரு பக்கம் காய்ந்து முறுக்கிக்கொள்ளும்.

அலுமாரிக் கதவின் உள்விளிம்பில் சரிவோ உருட்டலோ இருந்தால், அதன் வடிவத்தை மெல்லிய அட்டையில் வெட்டி எடுத்து அளவாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தை ஒட்டிய பிறகே அந்தச் சரிவைச் சீவ வேண்டும். மூலைக்கு 25 மி.மீ. முன்னால் நிறுத்திவிடுங்கள். பழைய தச்சர்கள் அப்படித்தான் நிறுத்துவார்கள். மூலைவரை கொண்டுபோனால் பொருத்தின் கோடு உடைந்து தெரியும்.

இப்போது நிறம். அலுமாரியின் நிறம் என்று நீங்கள் காண்பதில் மூன்று சேர்ந்திருக்கின்றன: முதிர்ந்த மரம், பழுத்த பொலிஷ், பல ஆண்டு அழுக்கு. மென்மையான சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அலுமாரியைத் துடைத்துக் காயவிட்ட பிறகே எதையும் ஒப்பிடுங்கள். அழுக்குக்கு நிறம் சேர்த்துவிட்டு, பிறகு அலுமாரியைத் துடைத்து வருந்துபவர்கள் உண்டு.

அடுத்து, அதில் என்ன பூசியிருக்கிறது என்று பாருங்கள். கதவின் உட்புறத்தில் மறைவான இடத்தில் பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்டு ஒரு நிமிடம் வையுங்கள். ஒட்டும் பதத்துக்கு இளகினால் அது அரக்குப் பொலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லெக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ். சட்டத்துக்கும் அதே வகையைத்தான் பூச வேண்டும்.

பலா புதிதாக இருந்தால் சாயத்துக்கு ஓடாதீர்கள். 120, பின் 180 இலக்கச் சாண்ட் பேப்பரால் மர ரேகையின் போக்கிலேயே தேய்த்து முடித்து, பொலிஷ் இல்லாமல் காலை வெயிலில் திருப்பித் திருப்பி வைத்து எடுங்கள். சில வாரங்களில் மஞ்சள் நன்றாக இறங்கும். உச்சி வெயில் வேண்டாம், மரம் வளையும். ஹட்டன் பக்கம் இதற்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அதன் பிறகும் குறைந்தால் ஸ்பிரிட்டில் கரையும் சாயத்தை, வேண்டியதில் பாதி அழுத்தத்தில் கலந்து இரண்டு தடவை பூசுங்கள். ஒரே தடவையில் கடும் நிறம் பூசினால் திட்டு விழும், எடுக்கவும் முடியாது. வெட்டுமுனைகள் சாயத்தை உறிஞ்சிக் கறுக்கும். அங்கே முதலில் நீர்த்த அரக்கு ஒரு கை பூசிவிடுங்கள். எதையும் அதே பலகையின் கழிவுத் துண்டில் பொலிஷ்வரை முழுதாகச் செய்து, அலுமாரியின் மேல் சாய்த்து வைத்து, பகல் வெளிச்சத்தில் நாலு எட்டுத் தள்ளி நின்று பாருங்கள். மின்குமிழ் வெளிச்சத்தை நம்பக்கூடாது.

அரக்குப் பொலிஷுக்கு முதல் கோட் நீர்த்ததாக இருக்கட்டும்: 1 லீற்றர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்கு. அதன்பின் 240 கிராம். பஞ்சை உள்ளே வைத்துப் பழைய பருத்தித் துணியால் கட்டிய பந்தால், நிறுத்தாமல் ஓட்டி, எட்டுப் பத்து மெல்லிய கோட். பின்பக்கத்துக்கும் உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்திருந்தால் ஈரம் ஒருபக்கமாக ஏறிச் சட்டம் வளையும். புதுப் பொலிஷின் பளபளப்பு பழைய அலுமாரியோடு சேராது. ஒரு வாரம் காயவிட்டு, மிக நுண்ணிய நான்கு பூச்சிய எஃகு நாரில் தேன்மெழுகு தொட்டு ரேகையின் போக்கில் தேய்த்தால் மினுக்கம் அடங்கும்.

கண்ணாடியை வைப்பதற்கு முன் பள்ளத்தின் உட்புறத்துக்குக் கறுப்பு மைப் பூச்சு அடியுங்கள். இல்லையென்றால் அந்த வெறும் மரம் கண்ணாடியின் ஓரத்தில் பிரதிபலித்துச் சுற்றிலும் வெளிறிய கோடாகத் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் 4 மி.மீ. பிளைவுட், அதைப் பிடிக்கச் சிறு பித்தளைத் தகடுகள். சட்டத்தில் பித்தளைத் திருகாணியையே பாவியுங்கள். வெறும் இரும்பு ஈரத்தில் துருப்பிடித்து மரத்தில் கறை இறக்கும்.

கேள்வி: பெப்ரவரியில் 45 பாகையில் வெட்டி ஒட்டிய தேக்குப் படச்சட்டம், ஜூனில் நான்கு மூலையிலும் வெளிப்பக்கம் வாய் திறந்துவிட்டது. பசை மோசமா?
– வாசகர், நானுஓயா

பதில்: பசையை மட்டும் குறை சொல்ல முடியாது. மரம் அகலவாக்கில் ஊதும், நீளவாக்கில் ஏறக்குறைய ஊதாது. அதனால் 45 பாகை 45ஆக நிற்பதில்லை. காய்ந்த காலத்தில் ஒட்டியது தென்மேல் பருவமழையில் ஊதினால் மூலையின் வெளிப்பக்கம் திறக்கும். ஈரத்தில் ஒட்டியது காய்ந்தால் உள்பக்கம் திறக்கும். எந்தப் பக்கம் திறந்தது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

மெழுகாலோ பசை கலந்த மரத்தூளாலோ அடைக்காதீர்கள். அடுத்த பெப்ரவரியில் மரம் சுருங்கும்போது அது பிதுங்கும், அல்லது மூலையை உள்ளிருந்து நெம்பும். மழை ஓய்ந்து மரம் நடுநிலைக்கு வந்ததும் மூலைகளைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, இரண்டு துண்டையும் சரியான கோணத்தில் சேர்த்துப் பிடித்து, மெல்லிய பல்லுள்ள வாளைப் பொருத்தின் நடுவே ஒருமுறை ஓட்டுங்கள். வாள் இரு முகத்தையும் ஒரே போக்கில் சீவிவிடும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்து, அது ஆவியானதும் உடனே ஒட்டுங்கள். காய்ந்த பின் மூலைக்குக் குறுக்கே வாளால் பிளவிட்டு 3 மி.மீ. மரச்சீவலைப் பசையோடு செருகிவிடலாம். 40 மி.மீ.க்கு மேல் அகலமான சட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் 45 பாகை மூலையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: டிசம்பரில் பொலிஷ் அடித்தேன். காய்ந்ததும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. முழுவதும் சுரண்ட வேண்டுமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: வேண்டாம். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிரும். உங்கள் பக்கத்து வடகீழ் மழைக்காலக் காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிந்து அரக்குக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. வெயில் விழும் நாளில் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில், ஸ்பிரிட் மட்டும் இலேசாகத் தொட்ட பந்தை ஒருமுறை மெல்ல ஓட்டுங்கள். அரக்கு இளகி ஈரம் வெளியேறினால் வெள்ளை போய்விடும். அழுத்தித் தேய்த்தால் பொலிஷே கழன்று வரும். மூடுபனி இறங்கும் நேரத்தில் டின்னைத் திறக்க வேண்டாம். ஸ்பிரிட்டை அடுப்புக்கோ ஹீட்டருக்கோ பக்கத்தில் கொண்டுபோகவும் கூடாது. ஆளிவிதை எண்ணெய் பாவிப்பவர்கள் எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயப்போடுங்கள். சுருட்டிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.

கேள்வி: தோட்டத்தில் விழுந்த சபுக்கு மரத்தின் பலகை இருக்கிறது. தேக்குப்போல ஆக்கலாமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: தேக்காக வராது. சபுக்கில் வலைபோன்ற மினுக்கு ரேகை இருக்கிறது. சாயம் அதை மறைக்காது. ஆனால் மரம் செந்நிறச் சாயலுள்ளது, அதனால் சிவந்த மேசை கதிரையோடு சாயமே இல்லாமல் நன்றாகச் சேரும். 1 அங்குலப் பலகை நிழலில் ஓராண்டாவது காயட்டும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்புக் கொடுக்கும், நீளக்கைச் சட்டை போட்டு வேலை செய்யுங்கள்.

கேள்வி: லயக் காம்பராவின் கற்சுவரில் கண்ணாடியை மாட்டினால் ஓரமெல்லாம் கறுத்துப் போகிறது. ஏன்?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: சுவரின் ஈரம் கண்ணாடியின் பின்பூச்சை ஓரத்திலிருந்து அரிக்கிறது. சட்டத்தின் பின் நான்கு மூலையிலும் 5 மி.மீ. ரப்பர்த் துண்டு ஒட்டி, காற்றுப் போக வழி விடுங்கள். வினாகிரி வாசம் வரும் சிலிக்கனை கண்ணாடியின் முதுகில் தொடவே விடாதீர்கள், அதுவும் பூச்சை அரிக்கும். மேலே ஹட்டன் வாசகிக்குச் சொன்ன அளவில் கண்ணாடி மட்டும் ஏறத்தாழ 7 கிலோ, சட்டத்தோடு 10 கிலோவைத் தாண்டும். ஒற்றை ஆணி போதாது. இரு நெடுஞ்சட்டத்திலும் மேலிருந்து 260 மி.மீ. அளவில் வளையம் பூட்டி, சுவரில் இரண்டு திருகாணி போடுங்கள். துளையைக் கல்லுக்குள் போடுங்கள். இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள பழைய சாந்து உதிர்ந்து பிளக்கோடு வெளியே வந்துவிடும்.