குனிந்தால் காலை வாரும் கண்ணாடி: ஸ்நூக்கர், பூல் ஆடுபவர்களுக்குக் கேள்வி பதில்

சேலத்தில் கண்ணாடிக் கடையில் அளவெடுத்து லென்ஸ் மாட்டித் தரும் வேலை எனக்கு. சாயங்காலம் கடையை மூடியதும் நேராக ஸ்நூக்கர் டேபிளுக்குத்தான் போவேன். கண்ணாடி போட்டு ஆடுகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, எனக்கு இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 4. நின்று பார்த்தால் பந்து பளிச்சென்று இருக்கிறது, குனிந்து தாடை க்யூவில் (பந்தை அடிக்கும் கோலில்) பட்டதும் ஃப்ரேமின் மேல்விளிம்பு குறுக்கே வந்துவிடுகிறது. பவர் ஏறிவிட்டதா? (ஃபேர்லேண்ட்ஸ், வயது 27)

பவர் மேல் பழி போடாதீர்கள் தம்பி, பெரும்பாலும் அது காரணமே இல்லை. குனிந்து நிற்கும்போது உங்கள் முகம் மேசைத் துணியைப் பார்த்திருக்கிறது, கண் மட்டும் மேலே ஏறிப் பந்தைப் பார்க்கிறது, அதாவது லென்ஸின் நடுவை விட்டு மேல் ஓரம் வழியாகப் பார்க்கிறீர்கள். மைனஸ் 4 லென்ஸில் நடுப்புள்ளியை விட்டு 1 சென்டிமீட்டர் மேலே பார்த்தால், 1 மீட்டர் தூரத்தில் உள்ள பொருள் 4 சென்டிமீட்டர் நகர்ந்து தெரியும், 3 மீட்டரில் அது 12 சென்டிமீட்டர் ஆகிவிடும். இரண்டு கண்ணும் ஒரே பவர் என்பதால் மூளை எப்படியோ சமாளிக்கிறது, ஆனால் நின்று பார்த்த கோடும் குனிந்து பார்க்கும் கோடும் ஒன்றாக இல்லை என்ற உறுத்தல் அங்கிருந்துதான் வருகிறது.

இன்னொன்று, சாதாரண ஃப்ரேமில் லென்ஸின் கீழ்ப்பக்கம் கன்னத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். நடக்க, படிக்க அதுதான் வசதி. நமக்கு வேண்டியது நேர் எதிர்ச் சாய்வு: மேல்பக்கம் நெற்றியை நோக்கி, கீழ்ப்பக்கம் கன்னத்தை விட்டு விலகி. ஸ்நூக்கருக்கென்றே செய்யும் கண்ணாடிகளில் லென்ஸ் புருவத்துக்கு மேலே வரை உயர்ந்து, இந்தச் சாய்வோடுதான் இருக்கும். ஸ்நூக்கர் வீரர் டென்னிஸ் டெய்லர் போட்டிருந்த, தலைகீழாக மாட்டியதுபோலத் தெரியும் பெரிய கண்ணாடி அதுதான். 1985 உலகப் போட்டி இறுதியில் ஸ்டீவ் டேவிஸை 18-17 என்று கடைசிக் கறுப்புப் பந்தில் அவர் வென்றபோது மூக்கின் மேல் அதுதான் இருந்தது.

அந்த ஃப்ரேம் சேலத்தில் கிடைக்குமா? (ஐந்து ரோடு)

ஆன்லைனில் வரவழைக்கலாம். உடனே அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், உயரமான லென்ஸும் வளைக்கக்கூடிய மூக்குத் தாங்கியும் உள்ள மெட்டல் ஃப்ரேம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு தாங்கிகளையும் கொஞ்சம் நெருக்கினால் ஃப்ரேம் மேலே ஏறும். அப்புறம் இதைத் தயவுசெய்து செய்யுங்கள்: க்யூவைக் கடைக்கே எடுத்துப்போய், கவுண்டர் மேல் ஆட்டத்தில் குனிகிற மாதிரியே குனிந்து, கண்மணி லென்ஸில் எங்கே விழுகிறதோ அங்கே மார்க்கர் பேனாவால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். லென்ஸின் நடுப்புள்ளி அந்த இடத்தில் வர வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த அளவு இந்த ஆட்டத்துக்கு உதவாது. கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தாலும் விடாதீர்கள்.

ஒரு கண் மைனஸ் 1, இன்னொன்று மைனஸ் 4. குனிந்தால் தூரத்துப் பந்து மேலும் கீழுமாக இரண்டாகத் தெரிகிறது. (ஆத்தூர்)

மேலே சொன்ன கணக்குதான், ஆனால் உங்களுக்கு இரண்டு கண்ணிலும் பந்து வேறு வேறு அளவு நகர்கிறது, மூளையால் சேர்க்க முடியவில்லை. நடுப்புள்ளியை உயர்த்திய லென்ஸ் அல்லது காண்டாக்ட் லென்ஸ். நிமிர்ந்து நிற்கும்போதும் இரண்டாகத் தெரிந்தால் முதலில் கண் டாக்டரைப் பாருங்கள்.

வயது 53, தூரத்துக்கும் படிக்கவும் ஒரே லென்ஸில் பவர் மாறும் புரோகிரெசிவ் போடுகிறேன் தம்பி. பக்கத்துப் பந்துகள் நீந்துவதுபோல இருக்கின்றன. (சூரமங்கலம்)

ஐயா, புரோகிரெசிவ் லென்ஸின் இரண்டு ஓரங்களிலும் கலங்கல் இருக்கத்தான் செய்யும், குறுக்குக் கோணத்தில் குறிபார்க்கும் ஆட்டத்துக்கு அது பொருந்தாது. வெள்ளெழுத்து என்றதும் படிக்கிற பவர் தேவை என்று நினைக்கிறோம். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். முழு ஸ்நூக்கர் டேபிள் 12 அடி. க்யூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து உங்கள் கண்ணிலிருந்து முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் இருக்கலாம், குறிவைக்கும் பந்து பெரும்பாலும் 2, 3 மீட்டரில் இருக்கும். 3 மீட்டருக்கு வேண்டிய கூடுதல் பவர் 0.33 மட்டுமே. அதனால் உங்கள் தூரப் பார்வைப் பவரோடு 0.25 அல்லது 0.50 கூட்டி, ஒரே பவர் லென்ஸாக ஒரு தனிக் கண்ணாடி. டாக்டரிடம் சோதனை ஃப்ரேமைப் போட்டுக்கொண்டு 2 மீட்டர் தள்ளி ஒரு பொருளை வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடைசியாகக் கண் நிற்பது அடிபடப்போகும் பந்தின் மேல்தான், அது கூர்மையாகத் தெரிந்தால் போதும், வெள்ளைப் பந்து லேசாக மங்கினாலும் ஆட்டம் கெடாது.

பாலிகார்பனேட், 1.67 என்ற மெல்லிய லென்ஸ், நீல ஒளியைக் குறைக்கும் ப்ளூ கட் என்று அடுக்குகிறார்கள். எது? (அஸ்தம்பட்டி)

ஓரம் வழியாகப் பார்க்கும்போது பந்தைச் சுற்றி வண்ணக் கோடு தெரிகிறதா என்பதுதான் நமக்கு முக்கியம். ஒளியை வண்ணமாகப் பிரிக்காத தன்மைக்கு அபே எண் என்று ஓர் அளவு உண்டு, கூடினால் நல்லது. சாதாரண சிஆர்-39 பிளாஸ்டிக்குக்கு 58, பாலிகார்பனேட்டுக்கு 30. மைனஸ் 3 வரை சிஆர்-39 போதும், அதற்கு மேல் 1.60 என்ற மெல்லிய லென்ஸ். டேபிள் விளக்கு நேர் மேலே எரிவதால் கூச்சம் குறைக்கும் ஆன்டி-ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங் கண்டிப்பாக வேண்டும். ப்ளூ கட்டும் கலர் டின்ட்டும் வேண்டாம், பந்தின் நிறத்தைக் கெடுக்கும்.

அண்ணா, நான் ஏற்காட்டில் இருக்கிறேன். டிசம்பரில் உள்ளே நுழைந்ததும் கண்ணாடி பனி பூத்துவிடுகிறது. காண்டாக்ட் லென்ஸுக்கு மாறலாமா?

மாறலாம்மா. கண்ணோடு சேர்ந்தே நகர்வதால் நடுப்புள்ளிப் பிரச்சினையே அதில் இல்லை. சிலிண்டர் பவர் இருந்தால், அதையும் சரிசெய்யும் டோரிக் காண்டாக்ட் லென்ஸ் கேளுங்கள். ஆனால் குறிபார்க்கும்போது நாம் இமைக்க மறக்கிறோம், லென்ஸ் காயும், அதனால் ஒவ்வொரு முறை நிமிர்ந்ததும் நன்றாக இமையுங்கள். சாக் (க்யூ நுனியில் தேய்க்கும் சுண்ணக் கட்டி) பட்ட விரலோடு கண்ணைத் தொடவே கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான். கண்ணாடியே போதும் என்றால், உள்ளே வந்து ஐந்து நிமிடம் லென்ஸின் குளிர் போகட்டும். சட்டை நுனியில் துடைக்க வேண்டாம், சாக் தூள் லென்ஸைக் கீறிவிடும், முதலில் தண்ணீர். மலைக் குளிர் இந்த ஆட்டத்துக்குப் புதிதில்லை, ஸ்நூக்கர் விதிகள் 1882-ல் எழுதி மாட்டப்பட்டதே ஊட்டி கிளப்பில்தான்.

சிவப்பும் பிரவுனும் எனக்குக் குழம்புகின்றன, கண்ணாடியில் சரியாகுமா? (மேட்டூர்)

நிறக்குருடைக் கண்ணாடி தீர்க்காது. 2002 உலக சாம்பியன் பீட்டர் எப்டனுக்கும் இதே குறைதான். பந்தின் நிறம் என்ன என்று நடுவரிடம் கேட்கலாம், விதியே அனுமதிக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

சொன்னபடி செய்து வாங்கிவிட்டேன். டேபிளில் அருமை, வெளியே வந்தால் தரை ஒரு மாதிரி இருக்கிறது. (செவ்வாப்பேட்டை)

அப்படித்தான் இருக்கும். நடுப்புள்ளி மேலே போய்விட்டதால் கீழே பார்க்கும்போது தரை இடம் மாறித் தெரிகிறது. கிளப் படிக்கட்டில் இறங்கும் முன்பே கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். வண்டி ஓட்டப் பழைய கண்ணாடிதான்.